ஓப்ரென் எந்தக் காலை வைத்தான்

ஓப்ரெனை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லாரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். பிளம் சாராயம் இரண்டாம் சுற்று வருவதற்குள் என் வீட்டுக்காரரே ஆட்டுக் கதையை எடுத்துவிட்டார். ஒரு கிறிஸ்துமஸ் அன்று, கழுத்தில் புத்தம் புதுக் கம்பளிக் காலுறை கட்டிய செம்மறி ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓப்ரென் ஊர் நடுவே நடந்து போன கதை. அன்றைக்கு அதைப் பார்த்து ஊரே சிரித்தது. இன்றைக்கும் சிரித்தார்கள், வாயில் இறைச்சியை வைத்துக்கொண்டு. அவனைப் போட்டு மூடிய மண் இன்னும் இறுகக்கூட இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிங்க, நல்லா சிரிங்க. அந்த ஆட்டுக்குக் கிடைச்ச மரியாதை இந்த ஊர்ல உங்க எவனுக்கும் கிடைக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்பைக் கிளறும்போதுதான் தோன்றியது, அவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மிலுங்கா போய்விட்டாள். இப்போது ஓப்ரெனும் போய்விட்டான். அன்று வீட்டுக்குள் நடந்ததைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். ஆட்டையும் சேர்த்தால், அதுவும் செத்துவிட்டது. அதனால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் பெயர் யெலிக்கா. ஊரில் இருக்கும் ஒரே கடை என்னுடையது. ஓப்ரென் ஓடு வேய்கிற ஆள். எங்கள் மலையில் பனி ஒரு பருவம் கூரைமேல் உட்கார்ந்து எழுந்தால் பாதி ஓடு உடைந்து போயிருக்கும், ஆகவே அவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. நெட்டையான உருவம், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். பாதம் இரண்டும் அப்படியொரு பெரிசு. அவன் அளவுக்கு பூட்ஸ் என் கடையில் இருக்காது, உஷிட்சே டவுனுக்குச் சொல்லி அனுப்பி வரவழைப்பேன். கல்யாணம் ஆகவில்லை. ஒரு பெண் இருந்தாள், ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போனவள் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அதைப் பற்றி அவன் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அவனுக்குக் குடும்பம் என்று இருந்தது ராடிசாவ் வீடுதான். அது என் கடைக்கு நேர் எதிர் வீடு. ராடிசாவும் மிலுங்காவும் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தவர்கள். ஓப்ரென் அப்போது இளவட்டம். ராடிசாவிடம் ஏணி இரவல் வாங்கியவன் திருப்பிக் கொடுக்காமல் இழுத்தடித்தான். ராடிசாவ் கோபக்காரன், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தெருவில் வைத்து நன்றாக ஏசிவிட்டான். ரோஷம் வந்து ஓப்ரென் மறுநாள் பொழுது விடிந்ததும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அவர்கள் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்துவிட்டான். அன்றைக்கு என்ன நாள் என்பது ஏணி வாசலில் முட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

பழைய நாட்காட்டிப்படி எங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி. அன்று காலையில் ஒரு வீட்டுக்குள் யார் முதலில் கால் வைக்கிறார்களோ, வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு அந்தக் காலின் ராசிதான். அதனால் நல்ல கால் என்று பெயரெடுத்த ஆளை ஒவ்வொரு வீட்டிலும் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுவார்கள். அந்த முதல் விருந்தாளி வரும்வரை வேறு யாரும் உள்ளே போகக் கூடாது, வீட்டில் இருப்பவர்கள் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. பெண் முதலில் நுழைந்தால் ஆகவே ஆகாது. வருஷம் முழுக்க எல்லா வீட்டு உப்பும் சர்க்கரையும் என் கையால்தான் நிறுத்துப் போகிறது, அன்று ஒரு நாள் மட்டும் என் கால் விளங்காத கால். இருக்கட்டும்.

வந்துவிட்டவனை என்ன செய்வது? மிலுங்கா சல்லடையில் கோதுமையை அள்ளிவந்து அவன் தலையில் தூவினாள். ராடிசாவ் பல்லைக் கடித்துக்கொண்டு அவனை அடுப்பண்டை கூட்டிப் போனான். முதல் நாள் விடியற்காலையில் வெட்டி வந்த ஓக் கட்டை உள்ளே எரிந்துகொண்டிருக்கும். முதல் விருந்தாளி அதைக் குச்சியால் தட்டித் தட்டிப் பொறி பறக்கவிட்டு, "எத்தனை பொறியோ அத்தனை ஆடு, எத்தனை பொறியோ அத்தனை கன்று, அத்தனை தேன்கூடு, அத்தனை பிள்ளை" என்று வாழ்த்த வேண்டும். பிறகு அவனைத் தணிவான முக்காலியில் உட்கார வைத்துத் தடித்த கம்பளியால் போர்த்துவார்கள், அந்த வருஷம் பாலில் ஆடை அதே தடிப்பில் படிய வேண்டும் என்று. அவன் அசந்த நேரம் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் முக்காலியைப் பின்னாலிருந்து உருவிவிடுவார்கள். தரையெல்லாம் பரப்பியிருக்கும் வைக்கோலில் அவன் தொப்பென்று விழ வேண்டும், வீடே சிரிக்க வேண்டும். அப்போதுதான் சாப்பாடு.

அந்த முதல் வருஷம் முக்காலியை இழுக்க அந்த வீட்டில் பிள்ளை இல்லை. அவனும் விழவில்லை. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் அவர்களுக்கு நெபோய்ஷா பிறந்தான்.

அவ்வளவுதான். ஓப்ரெனின் கால் ஊரிலேயே பேர்பெற்ற காலாகிவிட்டது. எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள், ராடிசாவ் விடவில்லை. "என் வீட்டுக் காலை எவனாவது இழுத்தீங்கன்னா கோடாலியோட வருவேன்" என்பான். மிலுங்கா வருஷா வருஷம் அந்தப் பெரிய பாதத்துக்கு அளவாக ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னிவைத்துக் கொடுப்பாள். நெபோய்ஷா தவழுகிற வயதிலேயே முக்காலியின் காலைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொண்டான். பையனாக இருந்தபோதும் இழுத்தான், மீசை வந்த பிறகும் இழுத்தான். ஒவ்வொரு வருஷமும் ஓப்ரென் ஒன்றும் தெரியாதவன் போல உட்காருவான், ஒவ்வொரு வருஷமும் கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு விழுவான். அந்தச் சிரிப்பு தெரு தாண்டி எனக்குக் கேட்கும். அது கேட்டதும்தான் என் வீட்டுக்காரரிடம், "சரி, அங்க விழுந்தாச்சு" என்பேன்.

ஓப்ரெனுக்கு வருஷத்தில் மற்ற நாளெல்லாம் கூரை, அந்த ஒரு நாள்தான் வீடு. இப்படித்தான் எனக்குத் தோன்றும்.

நெபோய்ஷா வளர்ந்து ஆஸ்திரியாவில் கட்டட வேலைக்குப் போனான். கிறிஸ்துமஸுக்கு வந்தான், முக்காலியை இழுத்தான், விடுமுறை முடிந்து காரில் திரும்பிப் போனான். மலைப் பாதையில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. கார் பள்ளத்தில் போய்விட்டது.

கல்லறையில் சவப்பெட்டி இறங்கும்போது ராடிசாவ் திரும்பினான். கூட்டத்தில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக ஓப்ரென் நின்றிருந்தான். ராடிசாவ் அவனைப் பார்த்து, "இவன் கால்தான். இந்த வருஷம் இடது காலை வெச்சான், நான் பாத்தேன்" என்றான். சத்தம்கூடப் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னான். மிலுங்கா பக்கத்தில் நின்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அப்போது எதையும் கேட்கிற நிலையில் இல்லை.

பெற்றவன் வயிறு எரிந்து ஏதோ சொன்னான், அதை நான் தப்பாக எடுக்கமாட்டேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டதே, அதைத்தான் சொல்ல வேண்டும். வாரம் ஒன்று போவதற்குள் ஆளாளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவன் வாசலில் தடுக்கினான் என்றார் ஒருவர். நாய் ஊளையிட்டது என்றார் இன்னொருவர். அன்று காலை அந்தத் தெருப் பக்கமே வராதவர் அவர்! கூரை ஒழுகினால் மட்டும் எல்லாருக்கும் ஓப்ரென் வேண்டும். அவன் கால் ஓட்டின்மேல் படலாம், வாசற்படியில் படக்கூடாது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் தெருவில் அவனைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். அவனே புரிந்துகொண்டு கிறிஸ்துமஸ் அன்று மதியம் வரைக்கும் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டான்.

ஒரு தடவை கடையில் ஆணி வாங்க வந்தவன், வாங்கிவிட்டும் போகாமல் நின்றான்.

"யெலிக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் அன்னிக்கு எந்தக் காலை வெச்சேன்?"

"எனக்கு எப்படிய்யா தெரியும்? நான் என் வீட்ல இருந்தேன்."

"இருபது வருஷத்துக்கு மேல வலது காலத்தான் வெச்சேன். பழக்கம். ஆனா அன்னிக்கு... கதவைத் திறந்தது ஞாபகம் இருக்கு, அண்ணி சல்லடையோட நின்னது ஞாபகம் இருக்கு. காலு மட்டும் ஞாபகத்துல வர மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்."

"பனி, காரு, பள்ளம். இதுல உன் காலு எங்கய்யா வந்துச்சு?"

"அப்ப நெபோய்ஷா பொறந்ததுல மட்டும் எங்க வந்துச்சு?" என்றான். ஆணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் வீட்டுக்கும் முதல் விருந்தாளி என்று யாரும் போகவில்லை. கெட்ட காலின் வீட்டுக்கு நல்ல கால் ஏன் போகிறது? ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் வீட்டு வழியாக வந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் வைக்கோலை உள்ளே கொண்டு வருவார்கள். சுமக்கிறவர் தாய்க் கோழிபோல "க்வோக் க்வோக்" என்று கூப்பிட்டுக்கொண்டு போக, பிள்ளைகள் குஞ்சுகளாகக் "கீச் கீச்" என்று பின்னாலேயே போகும். ஓப்ரென் வைக்கோல் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "க்வோக் க்வோக்" என்றபடி முற்றத்தைக் கடந்தான். வாசலில் நின்றான். பிறகு குரலை மெலிதாக்கிக்கொண்டு அவனே "கீச், கீச்" என்றான். நான் வேலியோரம் குனிந்துகொண்டேன். என்னைப் பார்த்தால் வெட்கப்படுவானே என்று. வீட்டுக்கு வந்து நானும் வைக்கோல் பரப்பினேன், அன்று எனக்குச் சிரிப்பே வரவில்லை.

பிறகுதான் அவன் ஆட்டைப் பிடித்தான். அந்தக் காலத்தில் சில இடங்களில் மனிதக் காலை நம்பாமல் காளையையோ ஆட்டையோ முதல் விருந்தாளியாக வீட்டுக்குள் ஓட்டுவார்களாம். அவன் வளர்த்த பெட்டைச் செம்மறிக்கு ரூடா என்று பெயர். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் அதை உள்ளே விட்டு, கோதுமை தூவி, அதற்குப் பிறகு சாப்பிட்டான். "அது வந்ததுலேருந்து எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல, நல்ல காலு" என்று என்னிடம் பெருமையாகவே சொன்னான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ராடிசாவ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். மகன் செத்ததிலிருந்து அவன் வேறு எவனையும் முதல் விருந்தாளியாக அழைக்கவில்லை, கிறிஸ்துமஸ் அன்று கதவைத் தாழ் போட்டுக்கொள்வான். அவன் போன பிறகு மிலுங்கா அந்த வீட்டில் தனியாக இருந்தாள். தினமும் ஒரு ரொட்டி வாங்க வருவாள், முழு ரொட்டி. பாதி போதுமே அக்கா என்றால், "கையில முழுசா இருந்தாத்தான் வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு" என்பாள்.

ஆட்டைப் பார்த்து ஊர் சிரித்த அந்த வருஷம்தான் ஊருக்குப் புதுப் பாதிரியார் வந்தார். இளைஞர், நிறையப் படித்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு பிரசங்கத்தில் எங்களைப் பிடிபிடி என்று பிடித்தார். நாங்கள் செய்கிறதில் பாதி கிறிஸ்துவுக்கு முன்னாலிருந்து வந்ததாம். ஓக் மரம் இடி தெய்வத்தின் மரமாம். வீட்டின் நாலு மூலையிலும் வால்நட் போடுகிறோமே, அது செத்தவர்களுக்கு வைத்த படையலாம். "முதல் விருந்தாளி என்கிறீர்களே, உங்கள் முன்னோர் அவனை யாரென்று நினைத்தார்கள் தெரியுமா? அந்த வீட்டில் இறந்துபோனவர்தான் விருந்தாளியின் உருவத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறார் என்று நம்பினார்கள். நீங்களும் அதையே நம்பப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பூசை முடிந்ததும் மிலுங்கா நேரே அவரிடம் போனாள்.

"சாமி, நிஜமாவா?"

"எதும்மா?"

"செத்தவங்கதான் விருந்தாளியா வர்றாங்கன்னு சொன்னீங்களே."

"அது அந்தக் காலத்து மூடநம்பிக்கைம்மா. அதை விடணும்னுதான் சொன்னேன்."

"சொன்னதுக்கு நன்றி சாமி. இது தெரியாமலே இத்தனை வருஷம் கதவைப் பூட்டி வெச்சிட்டோம்" என்று அவர் கையை முத்தமிட்டுவிட்டு வந்துவிட்டாள். பாவம் அந்த மனிதர், வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை கடை திறந்ததும் வந்து நின்றாள். "யெலிக்கா, ஓப்ரென்கிட்ட சொல்லு. நாளைக்கு வரணும்னு."

"எங்க வரணும்?"

"எங்க வருவான்? வீட்டுக்கு."

நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். ஓப்ரென் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். சொன்னேன். கோடாலியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே கண்ணாக நின்றான்.

"மாட்டேன்."

"என்னய்யா மாட்டேன்? இத்தனை வருஷம் இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்த?"

"அந்த வீட்ல என்ன மிச்சமிருக்கு யெலிக்கா? பையன் போயிட்டான். அண்ணன் போயிட்டாரு. அவங்க ஒருத்திதான். நான் போய் காலை வெச்சு, அவங்களுக்கும் ஏதாவது ஆயிட்டா?"

"அவளுக்கு வயசு என்ன ஆகுது? ஏதாவது ஆனா அது வயசால ஆகும்."

"ஊரு அப்படிச் சொல்லாது. ஊரை விடு, நானே அப்படிச் சொல்ல மாட்டேன்."

"செத்தவங்க உன்கூட வர்றாங்கன்னு நெனைக்கிறாய்யா அவ. பையன் வருவான்னு."

அவன், "அப்படின்னா அண்ணனும்தானே வருவாரு. அவரு என்னை உள்ள விடுவாரா?" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. நானும் எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் கொட்டிப் பார்த்தேன், கிழட்டுக் கழுதை என்றேன், கல்நெஞ்சன் என்றேன். அவன் கோடாலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டான். மிலுங்காவிடம் வந்து, "வர மாட்டேங்கிறான் அக்கா" என்றேன். "வருவான்" என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து நான் சன்னலை விட்டு நகரவில்லை. மிலுங்கா வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது, அந்தக் குளிரில்! தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் விருந்தாளி போனார்கள். "கிறிஸ்து பிறந்தார்!" என்று சத்தம், "மெய்யாகவே பிறந்தார்!" என்று பதில் சத்தம், பிறகு சிரிப்பு. எங்கள் வீட்டுக்கு என் கொழுந்தன் வந்து விழுந்து எழுந்து சாப்பிட்டும் போய்விட்டான். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. மிலுங்கா வீட்டு வாசலில் பனி மிதிபடாமல் அப்படியே கிடந்தது.

எனக்குத் தாங்கவில்லை. வேலி வரைக்கும் போய்க் கத்தினேன், அதற்கு மேல் போக முடியாதே. "அக்கா! ஏதாவது சாப்பிடு! மயக்கம் போட்டு விழப் போற!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "விருந்தாளி வரல."

"அவன் வர மாட்டான்க்கா! நான் என் வீட்டுக்காரரை அனுப்பவா?"

"உன் வீட்டுக்காரரை நீயே வெச்சுக்க."

நேரம் போய்க்கொண்டே இருந்தது. புகை மெலிந்தது. கட்டை எரிந்து முடியப் போகிறது, அதைத் தட்ட ஆள் இல்லை. பட்டினி கிடக்கிற அந்தக் கிழவியை நினைத்து எனக்கு அழுகை வந்தது, ஓப்ரெனை நினைத்துக் கோபம் வந்தது. இரண்டும் சேர்ந்து வர, வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் தெருக்கோடியில் அவன் தெரிந்தான். நல்ல கோட்டுப் போட்டிருந்தான், முகச்சவரம் செய்திருந்தான். ஒரு கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ரூடா. சன்னல்களில் தலைகள் முளைத்தன. அவன் யாரையும் பார்க்கவில்லை. மிலுங்கா வீட்டு வாசலுக்கு வந்தான், படிக்கு இப்பாலேயே நின்றான். கதவை அகலத் திறந்து ஆட்டைப் பின்னாலிருந்து தள்ளினான். அது கெட்டியாகக் காலை ஊன்றிக்கொண்டது.

"போடி, போ. உள்ள போ."

"யாரு அது?" என்றாள் மிலுங்கா.

"கிறிஸ்து பிறந்தார், அண்ணி. விருந்தாளியைக் கூட்டிட்டு வந்திருக்கேன். நல்ல காலு. நான் சாட்சி. போடி மூதேவி!"

உள்ளேயிருந்து "மெய்யாகவே பிறந்தார்" என்ற பதில் வந்தது. கூடவே சல்லடையில் கோதுமை குலுங்கும் சத்தம். அதைக் கேட்டதும் ரூடா காதை நிமிர்த்திக்கொண்டு ஒரே தாவலாக உள்ளே போய்விட்டது. எந்தக் காலை வைத்தது என்று எனக்குத் தெரியாது, நாலும் சேர்ந்துதான் போனது.

முதல் விருந்தாளி நுழைந்தாயிற்று, இனி யார் வேண்டுமானாலும் போகலாம். நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினேன். ஓப்ரென் வாசலுக்கு வெளியே பனியில் நின்றபடி உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "எத்தனை பொறியோ அத்தனை ஆடு! எத்தனை பொறியோ அத்தனை கன்று!" உள்ளே மிலுங்கா அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து தானே கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆடு தலையில் விழுந்த கோதுமையை உதறிவிட்டு, தரையில் விழுந்ததைத் தின்றுகொண்டிருந்தது. "அத்தனை தேன்கூடு! அத்தனை..." என்று சொல்லி அவன் நிறுத்திவிட்டான். அடுத்த சொல் பிள்ளை.

"அத்தனை சுகம்" என்று அவளே முடித்தாள். பின்னி வைத்திருந்த காலுறையை எடுத்துவந்து ஆட்டின் கழுத்தில் கட்டினாள். அந்தப் பெரிய பாதத்துக்கு அளவான காலுறை. பிறகு வாசலுக்கு வந்தாள்.

"வந்த விருந்தாளி உள்ள இருக்கு. ராசியோ பீடையோ, அது காலோட போச்சு. ரெண்டாவதா வர்றவனுக்கு ஒண்ணும் கிடையாது. உள்ள வா ஓப்ரென்."

அவன் தன் காலைப் பார்த்தான்.

"வலது காலத்தான் வெச்ச" என்றாள் அவள். "அந்த வருஷம். நான் சல்லடையோட நின்னேன், பாத்தேன்."

"அண்ணி..."

"அவரு இருந்தவரைக்கும் சொல்ல முடியல. அவருக்கு யார் மேலயாவது பழி போட வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்துச்சுன்னு வெச்சுக்க."

அவள் நிஜமாகவே பார்த்தாளா, அவனுக்காகச் சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் வாசலில் குனிந்து உள்ளே வந்தான். அடுப்பண்டை அதே முக்காலி கிடந்தது. அவள் கம்பளியை எடுத்துவந்து அவன் தோளில் போர்த்தினாள். அவன் மெல்ல உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நேராக அடுப்பைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தானே உட்கார்ந்து பழக்கம். யாரும் இழுக்கவில்லை. அவன் காத்துக்கொண்டே இருந்தான்.

மிலுங்கா அவனுக்குப் பின்னால் போனாள். முழங்கால் வலிக்காரி, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முக்காலியின் காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அவ்வளவு பெரிய ஆள் கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்த வயதில், சின்னப் பிள்ளையாக விசும்பி அழுதான். இழுத்த வேகத்தில் மிலுங்காவும் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். கையில் முக்காலி அப்படியே இருந்தது. நான் தூக்கிவிடப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"நான் இழுக்கல ஓப்ரென்" என்றாள். "அவன்தான் இழுத்தான்."

வாசல் திறந்தே கிடந்தது, குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் போய்க் கதவைச் சாத்தினேன்.